தண்ணி விடாத பூசணி பியூரி: வீட்டுலயே கெட்டியா எடுக்கலாம்

வணக்கம் மக்களே! இன்னைக்கு மஞ்சள் பூசணி பியூரி. வேக வெச்சு அரைக்கிறதுதானே, அதுக்கு ஒரு வீடியோவான்னு கேப்பீங்க. அரைக்கிறது ஒரு நிமிஷ வேலைதாங்க. ஆனா பூசணியில நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தண்ணி. கேக் வெளியில நல்லா வெந்து, நடுவுல மட்டும் சதசதன்னு நிக்குதா? அந்தத் தண்ணி பண்ற வேலைதான் அது. அதை எப்படி வெளியேத்துறதுன்னு மட்டும்தான் இந்த வீடியோ.

முதல்ல காய். பெருசா பளபளன்னு இருக்கேன்னு எடுத்துடாதீங்க. அலங்காரத்துக்குன்னு வளர்க்கிற பெரிய காய்ல நாரும் தண்ணியும்தான் மிச்சம், ருசி கம்மி. சின்னதா, தோல் கெட்டியா, அளவுக்கு மீறி கனமா இருக்கிறதா பாருங்க. பட்டர்நட் ஸ்குவாஷ்னு ஒரு பூசணி வகை இருக்கு, அது கிடைச்சா யோசிக்கவே வேணாம். டின் பியூரிக்குன்னே டிக்கின்சன்னு ஒரு ரகம் வளர்க்குறாங்க, அதுவும் பட்டர்நட்டும் ஒரே இனம்தான்.

அடுத்து வேக வைக்கிறது. ஓவன் இருந்தா 200 டிகிரி செல்சியஸ்ல வெச்சுக்கோங்க. காயை ரெண்டா வெட்டி, விதையை வழிச்சு எடுத்துட்டு, வெட்டுன பக்கம் கீழ பார்த்த மாதிரி தட்டுல கவுத்துருங்க. 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். கத்தியை விட்டா வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கணும். இதோ பாருங்க, ஓரமெல்லாம் லேசா செவந்திருக்கு. இந்த இனிப்பு வாசனை வேற எந்த முறையிலயும் வராது. ஓவன் இல்லையா, துண்டு போட்டு ஆவியில 15, 20 நிமிஷம். தண்ணிக்குள்ள போட்டு மட்டும் வேக வைக்காதீங்க, ப்ளீஸ். காயோட இனிப்பு தண்ணிக்குப் போயிடும், தண்ணி காய்க்குள்ள வந்துடும்.

ஆறினதும் சதையைக் கரண்டியால வழிச்சு மிக்ஸியில போடுங்க. ஒரு சொட்டு தண்ணி ஊத்தக் கூடாது. சுத்தலைன்னா நிறுத்தி, வழிச்சு விட்டு, விட்டு விட்டு ஓட்டுங்க.

முக்கியமான கட்டம் இதுதான். வடிகட்டி மேல சுத்தமான மெல்லிசு துணி விரிச்சு, பியூரியைக் கொட்டி, கீழ பாத்திரம் வெச்சு விட்டுடுங்க. அரை மணி நேரம், காய் தண்ணிக் காயா இருந்தா ஒரு மணி நேரம் கூட. இங்க பாத்தீங்களா எவ்வளவு இறங்கியிருக்குன்னு! இதைக் கீழ ஊத்திடாதீங்க, சூப்புக்கு ஆகும். அவசரம்னா அடிகனமான பாத்திரத்துல போட்டு, சின்ன தீயில கிளறிக்கிட்டே சுண்ட வைக்கலாம். ருசி இன்னும் இறுகும், ஆனா கொதிக்கும்போது கையில தெறிக்கும், நீளக் கரண்டி எடுத்துக்கோங்க.

போதுமான்னு எப்படித் தெரியும்? ஒரு கரண்டி எடுத்து தட்டுல வைங்க. குவிச்ச மாதிரியே நிக்கணும், சுத்தி தண்ணி வளையம் கட்டக் கூடாது. கட்டுச்சுன்னா திரும்பத் துணிக்குத்தான்.

சூப்புக்கு மட்டும்னா இவ்வளவு பாடு தேவையே இல்ல, அரைச்சதும் நேரா பாத்திரத்துக்கு. கேக், மஃபின், பை (pie) இதுக்கெல்லாம் வடிகட்டியே ஆகணும். ரெசிபியில 15 அவுன்ஸ் டின் ஒண்ணுன்னு போட்டிருந்தா 425 கிராம், அதாவது ஒண்ணே முக்கால் கப் எடுத்துக்கோங்க. பிரட் மாவுல சேர்த்தா, அந்த அளவுக்குத் தண்ணியைக் குறைங்க. ஒரு முட்டைக்குப் பதிலா கால் கப் பியூரி போடலாம்னு சொல்வாங்க. மஃபினுக்கு, பான்கேக்குக்கு சரி. முட்டையை நுரைக்க அடிச்சு செய்யுற ஸ்பாஞ்ச் கேக்குக்கு இது வேலைக்கே ஆகாது, எழும்பாது.

ஆறு மாசம் முடிஞ்சு திட உணவு ஆரம்பிச்ச குழந்தைக்கு உப்பு, சர்க்கரை இல்லாம இப்படியே கொடுக்கலாம். இந்த ஆரஞ்சு நிறமே பீட்டா கரோட்டின்தான். உடம்பு அதை வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். கொழுப்போட சேர்ந்தா நல்லா உள்ள இறங்கும், அதனால துளி வெண்ணெய் சேர்த்துக்கலாம்.

ஃப்ரிட்ஜ்ல மூணு, நாலு நாள் தாங்கும். அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். கால் கப் கால் கப்பா மஃபின் அச்சுல உறைய வெச்சு, கட்டியானதும் பையில போட்டுக்கோங்க, அளக்குற வேலை மிச்சம். டப்பாவுல வைக்கிறவங்க மேல கொஞ்சம் இடம் விடுங்க, உறையும்போது விரியும். எடுத்து உருக்கினதும் மறுபடி தண்ணி பிரியும், பயப்படாதீங்க, அதையும் வடிச்சுடுங்க.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். பாட்டில்ல அடைச்சு வெந்நீர்ல கொதிக்க வெச்சு அலமாரியில வெச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. பூசணியில புளிப்பு கம்மி, பியூரி வேற கெட்டி, நடுப்பகுதி வரைக்கும் சூடு போகாது. பொட்டுலிசம்ங்கிற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்குற கிருமிக்கு அது தோதான இடம். பிரஷர் கேனர், அதாவது பாட்டில்ல அடைச்ச உணவை அழுத்தத்துல சூடாக்குற பாத்திரம், வெச்சிருந்தாலும் பியூரியை வேணாம்னுதான் சொல்றாங்க, துண்டுகளா மட்டும்தான் அடைக்கலாம்.

அப்புறம் அந்த விதை! கழுவி, நல்லா ஈரம் போகக் காய வெச்சு, கொஞ்சம் எண்ணெய், உப்பு பிரட்டி 160 டிகிரியில 15, 20 நிமிஷம் வறுங்க. நடுவுல ஒரு தடவை கிளறி விடுங்க. பியூரி வடியுற நேரத்துக்கு உக்காந்து கொறிக்க இது போதும்.