காம்பும் கரம்பும்

(மன்னார்குடியில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து கண் அசராமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பதிப்பாளர் பெருமக்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள். அதற்குத் தனி நன்றி. நாற்காலி போட்ட பிள்ளைகளுக்கும், மழை வரும் என்று தெரிந்து மேலே தார்ப்பாய் கட்டிவைத்த மைக் செட்காரருக்கும் நன்றி சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகம் தயாரிக்கும் தொண்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். அந்தத் தொண்டில் நமக்கு என்ன கிடைக்கிறது என்பது ஒன்று. அதற்குச் சட்டம் தரும் இடம் இரண்டாவது. மூன்றாவது, ஆறே புள்ளிகளில் உலகத்து மொழிகளையெல்லாம் அடக்கிய லூயி பிரெய்லியின் கதை.

நம்ம பக்கத்தில் 'திருவாரூர்த் தேரழகு, மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். மதில் நம்முடையது, தேர் அவர்களுடையது. ஆனால் ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்ற பழமொழி எல்லாருக்கும் பொது. வடத்தில் கை வைக்கிற ஆயிரம் பேரில் எவர் பலத்தில் தேர் நகர்ந்தது என்று சொல்ல முடியுமா? நாங்கள் செய்வதும் அப்படிப்பட்ட வேலைதான்.

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். பார்வையற்றோர் புடைத்த புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் நூல்களை 7 கிலோ வரை தபால் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கு அது முதுகுவலியாகத் தெரியும். ஒரு சாதாரண நாவல் பிரெய்லில் நான்கு, ஐந்து பாகமாகிவிடும். ஒவ்வொன்றும் கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி கனக்கும். பாமணி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பார்வையற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு வரும் கித்தான் பைகளை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போவேன்.

ஒரு ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. என் சட்டை நனைந்தாலும் பை நனையக்கூடாது என்று உரச்சாக்கைப் போட்டு மூடி எடுத்துப் போனேன். ஈரம் பட்டால் காகிதத்தில் புள்ளி அமுங்கிவிடும். திண்ணையில் இறக்கிவைத்தேன். சார் ஒவ்வொரு பாகமாக எடுத்து அட்டையைத் தடவிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாம் பாகம் இல்லை. எழுதிக் கேட்டதில், முன்பு எடுத்தவர் திருப்பித் தரவில்லை என்று பதில் வந்தது.

"தம்பி, உங்க ஊர் நூலகத்துல இது அச்சுல இருக்கும். அந்த நடுப்பகுதியை மட்டும் வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். நானோ வாரப் பத்திரிகைத் தொடர்கதையைத் தாண்டாதவன். அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ட்யூட்டி முடிந்து தினமும் சாயங்காலம் போனேன். மூன்றாவது நாள் நல்ல பசி. வீட்டுக்குப் போகிற அவசரத்தில், வெறும் வர்ணனைதானே என்று ஒரு பத்தியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். நாலு வரி போயிருக்கும். சார் கையை உயர்த்தினார்.

"தம்பி, அந்தப் பொண்ணு கையில செம்பு எப்படி வந்துச்சு?"

திரும்பிப் பார்த்தால், நான் தாண்டிய பத்தியில்தான் அவள் கொல்லைக் கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வருகிறாள்! எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "காபி குடிச்சிட்டு அதையும் படிச்சிடுங்க" என்றார், அவ்வளவுதான். அன்றுமுதல் நான் ஒரு வரி தாண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் போனபோது, நான்காம் பாகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியில் ஆள்காட்டி விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வாசித்துக்கொண்டே வந்தேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். அதே வாக்கியத்தை அவர் உதடும் சேர்ந்து சொன்னது. "நிறுத்துங்க தம்பி, கரை சேந்துட்டோம். இனிமே நான் படிச்சுக்கறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மழை இருட்டு. எனக்கோ கதை என்ன ஆகுமோ என்று தவிப்பு. வாயை விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கே புரிந்துவிட்டது. திண்ணை இருட்டில் அவர் விரல் ஓடஓட எனக்கு வாசித்துக் காட்டினார். முக்கால் மணி நேரம் கேட்டேன். அவர் வீட்டு அம்மா அரிக்கேன் விளக்கு கொண்டுவந்து வைத்தார்கள். அது எனக்காக வைத்த விளக்கு.

அதற்கப்புறம்தான் நான் வாசகன் ஆனேன். ஓய்வு பெற்றதும் இந்த வேலையில் இறங்கினேன். இப்போது எங்கள் குழுவில் 11 பேர். அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறோம். கணினி அந்தப் படத்தை எழுத்தாக மாற்றுகிறது. அதைப் பிழை திருத்தி யூனிகோடு கோப்பாகக் கொடுத்தால் கணினியோ போனோ வாசித்துச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது தமிழும் பேசும்.

பிழை திருத்துவதுதான் எங்கள் உயிரை வாங்கும். துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொள்ளும் கணினி. 'வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள்' என்பது 'வெற்றிலைக் கரம்பைக் கிள்ளினாள்' ஆகிவிடும். காம்பும் சொல், கரம்பும் சொல். எழுத்துப்பிழை பார்க்கும் கருவி பேசாமல் விட்டுவிடும். தரிசு நிலத்தை ஒரு பெண் எப்படிக் கிள்ளுவாள் என்று மனிதர்தான் நின்று யோசிக்க வேண்டும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகம் என்றால், துதிக்கை வைத்த பழைய 'லை', 'ணை' எல்லாம் கணினிக்குப் பிடிபடாது. பழைய எழுத்தில் படித்த தாத்தா பாட்டிகள்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறார்கள். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டி ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் பார்த்துக் கொடுக்கிறார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான்.

இதில் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தை எழுத்து எழுத்தாக வாசிக்கிற பேறு எழுதியவருக்கு அடுத்து நமக்குத்தான் கிடைக்கிறது. இதற்கு மேல் ஒரு கூலியை நான் கேட்டதில்லை.

இரண்டாவது, சட்டம். நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருப்பதால் சுருக்கிக்கொள்கிறேன். பார்வையற்றோருக்காகப் புத்தகத்தை மாற்றிக் கொடுக்க, 2012-இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம் வழி விட்டிருக்கிறது. 2013-இல் மொராக்கோ நாட்டு மராகேஷில் இதற்காகவே உலக நாடுகளின் உடன்படிக்கை ஆனது. அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. ஆகவே யாரும் பயப்பட வேண்டாம்.

பிரெய்லி கதையை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். ஏனென்றால் பதிப்பாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

ஐயா, இன்றைக்கு வரும் புத்தகம் எல்லாமே கணினியில் அடித்துத்தானே அச்சுக்குப் போகிறது? ஒருவர் உட்கார்ந்து அடித்திருக்கிறார், ஒருவர் பிழை பார்த்திருக்கிறார். அந்தக் கோப்பு உங்கள் அலுவலகத்தில் சும்மா கிடக்கிறது. அதை அச்சாக்கி, அந்த அச்சை நாங்கள் படம் பிடித்து, காம்பைக் கரம்பாக்கி, மறுபடி கரம்பைக் காம்பாக்கி, நான்கு மாதம் கழித்து எங்கே போய்ச் சேருகிறோம்? நீங்கள் வைத்திருக்கும் அதே கோப்புக்கு! இது என்ன நியாயம்? நாற்று நட்ட வயலில் மறுபடி விதைக்கிறவன் உண்டா?

நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கும்போது கோப்பையும் கொடுங்கள். வானவில் எழுத்துருவில் இருந்தாலும் சரி, பாமினி எழுத்துருவில் இருந்தாலும் சரி, யூனிகோடுக்கு நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். நீங்கள் புதியதைக் கொடுத்தால், நாங்கள் எங்கள் நேரத்தைப் பழைய புத்தகங்களுக்குச் செலவிடுவோம். அடித்த கோப்பே இல்லாத எத்தனையோ நூல்கள் இந்த டெல்டாவில் பரணில் கிடந்து உளுத்துக்கொண்டிருக்கின்றன.

நூலகவியலின் தந்தை அரங்கநாதன் பக்கத்தில் சீர்காழிக்காரர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று 1931-இல் விதி எழுதினார். அதே 1931-இல், இதே மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாடு கட்டிப் புத்தகம் அனுப்பிய ஊருக்கு, ஒரு கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது பெரிய காரியமா?

திருவாரூர்க் கமலாலயத்தைத் தோண்டி விரிவாக்கிய தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். தன் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டார். அந்த மனிதருக்குக் கயிறு பிடிக்க ஊர் வரவில்லையே என்று பெரியபுராணம் கேட்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கும்.

வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். கோப்பை வாங்க நாங்களே வருகிறோம். வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. திருத்த வேண்டிய பக்கங்களை அச்செடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனாவும் கூடவே வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.