மே பெரியம்மாவின் இருபது டாலர்

நேயர்களே, வணக்கம். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிப் பேச ஒரு கிழவனைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று யோசிக்காதீர்கள். நான் பினாங்கில் ஒரு பழைய கொட்டகையில் வருஷக்கணக்காகப் படம் ஓட்டியவன். ஆப்பரேட்டர். நீங்கள் ஒரு படத்தை ஒரு தடவை பார்ப்பீர்கள், பிடித்துப்போனால் இன்னொரு தடவை. எனக்கு ஒரு நாளைக்கு நாலு ஷோ, அதுவும் வாரக்கணக்கில். பின்சுவரில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவனுக்குத் திரையைவிட உங்கள் தலைகள்தான் அதிகம் தெரியும். எந்த இடத்தில் ஒரு தலையும் அசையவில்லை, எந்த இடத்தில் ஆள் எழுந்து கழிவறைக்குப் போகிறார், எங்கே கைப்பேசி வெளிச்சம் மினுக்குகிறது என்று பார்த்துத்தான் நான் படத்துக்கு மார்க் போடுவேன்.

அடுத்த பாகம் வந்ததும் எல்லோரும் கேட்பது, முதல் படம் மாதிரி இருக்கா? நான் கேட்பது வேறு. முதல் படத்தில் எழுதிய கணக்கை இவர்கள் ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? அவ்வளவுதான்.

சாம் ரைமி எடுத்த மூன்று ஸ்பைடர்மேன் படங்களையே எடுத்துக்கொள்வோம். 2002, 2004, 2007. இரண்டாவதை நான் ஓட்டியபோது என் சம்சாரம் ஒருநாள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, வெளியே மழை என்பதால் உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது பூச்சிப் படம். ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது, கீழே வருகிற மலாய் எழுத்தைப் படித்துக்கொள்வாள், அதற்கும் கீழே சீன எழுத்து ஓடும், உங்களுக்குத் தெரியாததா.

அந்தப் படத்தில் ஸ்பைடர்மேனாக மாறுகிற பீட்டர், பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற பையன். நேரத்துக்குப் போகவில்லை, வேலை போச்சு. வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கதவிலேயே நிற்கிறார். ஸ்பைடர்மேன் உடையை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைத்துச் சாயம் ஒட்டிக்கொள்கிறது. அவனுக்குப் பிறந்தநாள் வருகிறது. அவனை வளர்த்த மே, வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீடே போகப்போகிற நிலைமையில், இருபது டாலரை எடுத்து நீட்டுகிறார். வேண்டாம், உங்களுக்குத்தான் தேவை என்கிறான். அந்த அம்மா கோபமாக, வாங்கிக்கொள் என்று சத்தம் போட்டுவிட்டு அடுத்த நொடியே உடைந்து அழுகிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எல்லோரும் மே அத்தை, மே அத்தை என்கிறோம். என் சம்சாரம் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். மேயின் புருஷன் பென், பையனுடைய அப்பாவுக்குச் சகோதரன்தானே? அப்படியென்றால் நம் முறைக்கு அந்த அம்மா பெரியம்மா. அத்தை என்றால் பெண் எடுக்கிற முறை, அந்தப் பாசம் வேறு என்பாள். சரி, பெரியம்மா என்றே வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் இன்று வீட்டுக்குப் போக முடியாது.

அந்தக் காட்சி முடிந்து நான் எட்டிப் பார்க்கிறேன், இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஷோ முடிந்ததும் கேட்டேன். “என்னங்க, உங்க அம்மா பஸ் ஸ்டாண்டுல பத்து வெள்ளிய நாலா மடிச்சு உங்க சட்டப் பையில திணிப்பாங்களே, அதானே இது” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. என் அம்மா அப்படித்தான் திணிப்பார், நான் வேண்டாம் என்றால் திட்டுவார். அந்த நோட்டில் எப்போதும் மஞ்சள் வாசனை இருக்கும்.

அப்புறம் இன்னொரு காட்சி. முதல் படத்தில், பிடித்திருக்கக்கூடிய ஒரு திருடனை பீட்டர் போகவிடுகிறான், அவனாலேயே பென் செத்துப்போகிறார். இரண்டாவதில் இதைப் பெரியம்மாவிடம் ஒத்துக்கொள்கிறான். அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். சண்டை இல்லை, வெடி இல்லை, ஆனால் கொட்டகையில் ஒரு தலை அசையாது. கச்சாங் பூத்தே, அதுதான் வறுத்த கடலை வகை, கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோகும். கணக்கை ஒழுங்காக வைப்பது என்றால் இதுதான். முதல் படத்தில் பட்ட கடனை இரண்டாவது படத்தில் கட்டுகிறான்.

இப்போது மூன்றாவது. அந்தத் திருடன் சுடவில்லையாம், கூட வந்த இன்னொருவன் சுட்டானாம், அதுவும் கை தவறிச் சுட்டானாம். அடப்பாவிகளா! அப்படியானால் அன்று அந்த அம்மாவிடம் அழுதானே, அந்த அழுகை என்ன ஆவது? ஒரு படத்தைக் கெடுப்பது வேறு, பின்னால் போய் நல்ல படத்தின் கணக்கையும் அடித்துத் திருத்துவது வேறு. போதாக்குறைக்கு மூன்று வில்லன்கள். அதில் ஒரு வில்லனை உண்டாக்குகிற, பீட்டர் மேலும் ஒட்டிக்கொள்கிற அந்தக் கறுப்புப் பசை எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து விழுகிறது! அவ்வளவு பெரிய ஊரில், சரியாக பீட்டர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். நான் அந்த ஷோக்களில் பார்த்தது கைப்பேசி வெளிச்சம்தான்.

நியாயமாகவும் பேசணும். அந்த வில்லன்களில் ஒருவனான மணல் மனிதன் முதன்முதலில் எழுந்து நிற்கிற காட்சி, மகள் படம் வைத்த லாக்கெட்டை எடுக்கப் பார்த்துக் கை உதிர்ந்துபோகிறது, மறுபடி திரண்டு மறுபடி எடுக்கிறான், ஒரு வசனம் கிடையாது. அதை மட்டும் நான் ஒவ்வொரு ஷோவும் நின்று பார்த்தேன். ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா, மூன்றில் அதிகம் வசூலித்தது இந்த மூன்றாவதுதான். இரண்டாவது படத்துக்கு எழுத வேண்டிய மொய்யை நாம் மூன்றாவதுக்குப் போய் எழுதினோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிஷமா? பேட்மேனைப் பற்றித்தான் அதிகம் பேச வைத்திருந்தேன். சரி, ஓட்டமாகச் சொல்கிறேன். 2008-ல் இயக்குநர் நோலன் எடுத்த பேட்மேன் படத்திலும் ஜோக்கர், ஹார்வி டென்ட் என்று இரண்டு வில்லன்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். ஆனால் இரண்டாமவன் வானத்திலிருந்து விழவில்லை, முதலாமவன் செய்த வேலையால் அப்படி ஆகிறான், நம் கண்ணுக்கு முன்னாலேயே. அதற்கு அடுத்து 2012-ல் வந்த பேட்மேன் படத்தைப் பேச நேரமில்லை. சூப்பர்மேன் இரண்டாவதைப் பாதியில் இயக்குநரை மாற்றி முடித்தார்கள், அது தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன்.

தம்பி இப்போது ஒரு விரல்தான் காட்டுகிறார். பாட்டைப் போடுங்கள். வணக்கம்.