டாட் காம் விலை: கம்பெனி மாறினாலும் ஏன் தப்பிக்க முடியல?

வணக்கம் மக்களே. உங்க டாட் காம் ரினியூவல் பில் ஏறிக்கிட்டே வருதா? அந்தப் பணம் எங்க போகுதுன்னு முதல்ல பாத்துடலாம்.

டொமைன், அதாவது வெப்சைட் பேர் விக்கிற கம்பெனி, ரெஜிஸ்ட்ரார்னு சொல்லுவாங்க, நூத்துக்கணக்குல இருக்கு. ஆனா டாட் காமை எல்லாருமே ஒரே இடத்துலதான் எடுக்கணும்: டாட் காம் பதிவேட்டை நடத்துற வெரிசைன்ங்கிற அமெரிக்கக் கம்பெனி. 15 கோடிக்கு மேல பேர் பதிவாகி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வருஷா வருஷம் அவங்களுக்குக் காசு போகுது.

ரெஜிஸ்ட்ரார்கிட்ட வெரிசைன் வாங்கற அந்த மொத்த விலை (ஹோல்சேல்) 2012-ல ஒரு பேருக்கு வருஷத்துக்கு 7.85 டாலர். அமெரிக்க வணிகத் துறை அதை ஏத்த விடாம வச்சிருந்துச்சு. 2018-ல அவங்களே விட்டுக்கொடுத்தாங்க: ஒவ்வொரு ஆறு வருஷத்துலயும் கடைசி நாலு வருஷம், வருஷத்துக்கு 7 சதவீதம் வரை ஏத்திக்கலாம். டொமைன் பேர்களை நிர்வகிக்கிற ஐகான் அமைப்பும் 2020-ல ஒத்துக்கிச்சு. 2021 செப்டம்பர்ல 8.39, அப்புறம் 8.97, 9.59, 2024 செப்டம்பர்ல 10.26. நாலு வாய்ப்புல ஒண்ணைக்கூட விடல. அடுத்த நாலு வருஷக் கணக்கு 2026 அக்டோபர் கடைசியில ஆரம்பிக்குது. அதையும் முழுசா ஏத்தினா 13 டாலரைத் தாண்டிடும்.

விலையை விட எனக்குக் கோபம் வர்றது இதுலதான்: டாட் காமை நடத்த ஐகான் வெரிசைனோட போட்ட ஒப்பந்தம் முடிஞ்சா டெண்டரே கிடையாது. பெரிய மீறல் எதுவும் இல்லைன்னா வெரிசைனுக்கேதான் புதுப்பிக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. 2024 நவம்பர்லயும் அப்படித்தான் புதுப்பிச்சாங்க. கம்மி விலைக்கு நடத்தறேன்னு இன்னொருத்தர் வந்து நிக்கவே வழி இல்ல. இதை மாத்தியே ஆகணும்.

இப்போதைக்கு நாம செய்யக்கூடியது ரெண்டு. விலை ஏத்துறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வெரிசைன் நோட்டீஸ் கொடுக்கணும். அது வந்ததுமே பழைய விலையில நீட்டிச்சிடுங்க, மொத்தம் 10 வருஷம் வரை முடியும்.

இன்னொண்ணு, பில்லுல இருந்து வரி, வெரிசைனோட ஹோல்சேல் விலை, ஐகானோட கட்டணம் 20 சென்ட் எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க. மீதி ரெஜிஸ்ட்ரார் எடுக்கறது. அது அதிகமா இருந்தா இடம் மாறுங்க. பழைய கம்பெனியில டொமைன் மாறாம தடுக்கிற லாக்கை எடுத்து, ஆத் கோட் (மாத்தறதுக்கான பாஸ்வேர்டு மாதிரி) வாங்கி, புது ரெஜிஸ்ட்ரார்கிட்ட போடுங்க. பழைய கம்பெனி பதிலே சொல்லலைன்னாலும் 5 நாள்ல மாறிடும், ஒரு வருஷமும் சேரும். ஆனா பதிவு பண்ணி 60 நாள் ஆகலைன்னா நகராது.

நிறைய பேருக்கு மெயில் நின்னு போறது இங்கதான்: பழைய கம்பெனியோட நேம்சர்வரையே (உங்க பேருக்கு சைட்டும் மெயிலும் எங்க இருக்குன்னு சொல்ற சர்வர்) நம்பி இருக்கறது. அதுல இருக்கற அந்த விவரங்களை, அதாவது டிஎன்எஸ் ரெக்கார்டை எல்லாம் முன்னாடியே புது இடத்துல போட்டு வச்சிடுங்க. காலாவதி ஆனப்புறம் ரினியூ பண்ணி 45 நாளுக்குள்ள மாத்தினா, அந்தக் கட்டின வருஷம் கணக்குல சேராது. அதனால காலாவதிக்கு ஒரு மாசம் முன்னாடியே மாத்திடுங்க.