கிளீனர் சீட்டும் டிரைவர் சீட்டும்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நாமக்கல்லில் லாரி உரிமையாளர்களும் டிரைவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களே, லாரி உரிமையாளர்களே, லைனுக்குப் போய் வந்த களைப்போடு தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிற டிரைவர் அண்ணன்மாரே, புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கிற தம்பிகளே.

நம் பக்கத்தில் ஒரு புது டிரைவரைப் பார்த்தால் முதலில் என்ன கேட்போம்? "யாருகிட்ட வண்டி பழகுனீங்க?" எந்த டிரைவிங் ஸ்கூல் என்று யாரும் கேட்க மாட்டோம். ஆளின் பெயர்தான் வேண்டும். இன்னாரிடம் பழகினேன் என்று சொன்னால், சரி, வண்டியை நம்பிக் கொடுக்கலாம் என்றோ, கொஞ்சம் யோசிக்கணும் என்றோ உரிமையாளர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுவார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியை நம்பி எழுந்த நம் ஊர்களில் டிரைவர்கள் உருவானது இப்படித்தான். கிளீனராக ஏறுவார்கள், சில வருஷம் கழித்து டிரைவராக இறங்குவார்கள். சொல்லிக் கொடுத்தவர் குரு. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது குருவுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வைப்பார்கள்.

இன்றைக்கு அந்தக் கிளீனர் சீட் காலியாக இருக்கிறது. கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. வாடகை கட்டுபடியாகாததால், வந்தாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்கிறார்கள் உரிமையாளர்கள். தேசிய பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இப்போது இல்லை. ஒரே ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு நாக்பூர் வரைக்கும், டெல்லி வரைக்கும் போகிறார். பரவாயில்லை, காலம் மாறுகிறது. ஆனால் அந்தச் சீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. அதை மூடிவிட்டோம், அதற்குப் பதிலாக எதையும் திறக்கவில்லை. நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

கிளீனர் என்றால் கண்ணாடி துடைப்பவர், டீ வாங்கி வருபவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். உங்களுக்குத் தெரியும். வண்டி நின்றதும் லீவர் என்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வருவார். காற்று சரியாக இருக்கிற டயர் லீவரைத் துள்ளித் திருப்பி அனுப்பும், சத்தம் கணீர் என்று வரும். காற்று இறங்கிய டயரில் பொத்தென்று விழும், கையும் கனக்கும். பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கிற டயர்களில் உள்டயர் இறங்கிவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளிடயர் தாங்கிக்கொண்டு நிற்கும். அது பாரம் தாங்காமல் சூடேறி வெடிக்கிற வரைக்கும் தெரியாது. தட்டினால்தான் தெரியும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் எது கணீர், எது பொத் என்பதைக் காதுதான் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, "இப்பத் தட்டு, இப்ப அதத் தட்டு, வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்க வேண்டும்.

அதேபோல இடது பக்கம். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது முன் சக்கரத்தை ஒட்டி ஒரு பைக் நுழைந்தால், கண்ணாடியில் தெரிவதற்கு முன்னாலேயே கிளீனர் கண்ணில் பட்டுவிடும். கதவை ஒரு தட்டுத் தட்டுவார், டிரைவரின் கால் பிரேக்குக்குப் போய்விடும். இப்படி வருஷக் கணக்கில் இடது பக்கத்தைப் பார்த்துப் பழகியவர் பின்னாளில் ஸ்டியரிங் பிடித்தால், இடது பக்கம் ஒரு கண் எப்போதும் இருக்கும். நேரே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவருக்கு அந்தப் பழக்கம் வருவதற்குள் என்னென்னவோ நடந்துவிடுகிறது.

தார்ப்பாய் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக, நம் ஊருக்கு வெகு தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 6. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணம். ஹம்போல்ட் என்ற சின்ன ஊரின் ஐஸ் ஹாக்கி அணி போன பஸ்ஸும் ஒரு லாரியும் நாற்சந்தியில் மோதிக்கொண்டன. 16 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகள். 13 பேருக்குக் காயம். லாரி டிரைவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்துவிட்டார். குடித்திருந்தாரா? இல்லை. போன் பேசினாரா? அதுவும் இல்லை. பின்னால் டிரெய்லரில் தார்ப்பாய் அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அதன்மேலேயே கவனமாக இருந்துவிட்டார் என்று கோர்ட்டில் வந்தது. அந்த டிரைவர் தொழிலுக்குப் புதுசு. முதலாளி இரண்டு வாரம் கூட வந்து பழக்கினார், அப்புறம் தனியாக அனுப்பிவிட்டார். டிரைவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார். 8 வருஷம் தண்டனை.

எனக்கு இந்தச் செய்தி மனசை விட்டுப் போகவே இல்லை. தார்ப்பாய் அவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் கிளீனர் பையன் எவனைக் கேட்டாலும் சொல்வான். ஓரங்கட்டு, இறங்கு, கட்டு, அப்புறம் கிளம்பு. லோடு லேட்டாகட்டும். இவ்வளவுதான் பாடம். அந்த டிரைவர் பக்கத்தில் இன்னும் சில வாரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால், "தம்பி, கண்ணாடியில என்ன பாத்துட்டே வர்ற? ஓரமா நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

அடுத்த வருஷமே அந்த மாகாண அரசு, லாரி ஓட்ட வருகிறவர்களுக்கு 121.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் என்ன நிலைமை? மோட்டார் வாகன விதிப்படி டிரைவிங் ஸ்கூலில் கனரக வாகனத்துக்கு 30 நாள் பயிற்சி, அதில் வண்டி ஓட்டுவது குறைந்தது 15 மணி நேரம். 2021-இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதியில் 6 வாரம், 38 மணி நேரம். அதற்கு முன்னால் 20 வயசு ஆகியிருக்க வேண்டும், இலகு ரக வண்டி லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். நல்ல மையங்கள் நம்மிடமே இருக்கின்றன. அசோக் லேலண்ட் பயிற்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. அங்கே படித்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் தெரிகிறது, கியர் சுத்தமாக மாற்றுகிறார்கள், பேச்சிலும் ஒரு மரியாதை இருக்கிறது. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-இல் எடுத்ததும் நல்ல காரியம். வேலை அத்தனையும் தெரிந்தும் படிப்பு இல்லாமல் கிளீனராகவே நரைத்துப் போனவர்கள் நம்மிடம் எத்தனை பேர்!

ஆனால் ஸ்கூல் வண்டியில் லோடு இருக்காது. பத்துச் சக்கர வண்டி காலியாக இருந்தால் பத்து டன் பக்கத்தில் இருக்கும். லோடு ஏற்றினால் சட்டப்படியே 28.5 டன் வரைக்கும் போகலாம். இரண்டும் ஒரே வண்டி என்று சொல்லவே முடியாது. நிற்கிற தூரம் வேறு, திரும்புகிற விதம் வேறு, இறக்கத்தில் தள்ளுகிற தள்ளு வேறு. லைசென்ஸ் கையில் வாங்கிய பிறகுதான் இந்தப் படிப்பு ஆரம்பிக்கிறது. ரோட்டில், லோடோடு, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போதுதான் அது நடக்கும்.

சரி, அந்தத் தெரிந்தவர் என்ன சொல்லிக் கொடுக்கிறார்? இங்கேதான் உரிமையாளர்கள் கொஞ்சம் மனசு வைத்துக் கேட்க வேண்டும்.

தொப்பூர் கணவாயை எல்லோருக்கும் தெரியும். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு வரும்போது நீளமான இறக்கம். அங்கே எத்தனை விபத்து, எத்தனை குடும்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். இதை மறந்து நியூட்ரலில் விட்டால் 28 டன்னையும் பிரேக் டிரம்தான் பிடிக்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பு விட்டுப்போகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. காற்றை நிரப்புகிற கம்ப்ரசர் நின்றுவிடும், ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் இருக்கிற காற்று குறைந்துகொண்டே வரும். மீட்டரில் முள் இறங்குவதைப் பார்த்துச் சுதாரிப்பதற்குள் கீழே பாலம் வந்துவிடும்.

இது தெரியாமலா டிரைவர்கள் நியூட்ரலில் விடுகிறார்கள்? நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் விடுகிறார்கள் என்றால், டீசல் கணக்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் தர வேண்டும், குறைந்தால் உன் கணக்கில் பிடித்துக்கொள்வேன் என்று நாம் சொல்லியிருக்கிறோம். மிச்சம் பிடித்தால் அவருக்கு. அப்புறம் அவர் எதைச் சொல்லிக் கொடுப்பார்? "இங்க இருந்து அங்க வரைக்கும் நியூட்ரல்ல விட்டா அரை லிட்டர் மிச்சம் தம்பி" என்பதைத்தான் சொல்லிக் கொடுப்பார். அதுவும் ஒரு தொழில் ரகசியம்போல, அன்போடு சொல்லிக் கொடுப்பார். கற்றுக்கொள்கிறவன் அதை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பான், அவனிடம் வருகிறவனுக்கும் கொடுப்பான். குரு எதைக் கொடுக்கிறார் என்பதை, நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது. கற்றுக் கொடுப்பதற்கு நாம் எப்போதாவது காசு கொடுத்திருக்கிறோமா? டிரிப்புக்குப் பேட்டா உண்டு, மைலேஜுக்கு மிச்சம் உண்டு. ஒரு பையனை உருப்படியாக டிரைவராக்கியதற்கு எந்த நோட்டிலாவது ஒரு வரி எழுதியிருக்கிறோமா?

இப்போது டிரைவர் அண்ணன்மாருக்குச் சொல்ல வேண்டியது. நம் குருமார்களைப் பற்றிப் பெருமை பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த உறவில் அழுக்கும் இருந்தது. அடித்திருக்கிறார்கள். பட்டினி போட்டிருக்கிறார்கள். துணி துவைக்க வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் தருகிறேன், தருகிறேன் என்று வருஷக் கணக்கில் இழுத்தடித்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டால் எடுபிடிக்கு ஆள் போய்விடுமே! இன்னொரு பக்கம், லைசென்ஸே இல்லாத பையனிடம் நடுராத்திரியில் லோடு வண்டியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் படுத்துத் தூங்கியதும் நடந்திருக்கிறது. அதைப் பழக்குவது என்று சொல்லாதீர்கள். எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், வைத்திருக்கிறவர் ஓட்டும்போது, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், எல் போர்டு மாட்டியிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தூங்குகிறவர் எப்படி நிறுத்துவார்? ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது, பையனின் வாழ்க்கையும் போய்விடும்.

எங்களுக்கெல்லாம் அடித்துத்தானே சொல்லிக் கொடுத்தார்கள், நாங்கள் நன்றாக ஓட்டவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பயந்தவன் உண்மையைச் சொல்ல மாட்டான். இந்தத் தொழிலில் சொல்லியே ஆக வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது: "அண்ணா, எனக்குத் தூக்கம் வருது." ராத்திரி மூன்று மணிக்கு ஓசூரைத் தாண்டி வரும்போது புதுப் பையன் இதைச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் என்ன பதில் சொல்கிறார்? "இப்பத்தானடா ஏறுன, அதுக்குள்ள தூக்கமா? பான்பராக் போடு, முகம் கழுவு, ஓட்டு" என்றால், அந்தப் பையன் இனி ஜென்மத்துக்கும் அதைச் சொல்ல மாட்டான். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். "சரிப்பா, அந்த பங்க்ல போடு, ரெண்டு மணி நேரம் படுத்துட்டுப் போலாம்" என்றால், தனியாகப் போகும்போதும் தூக்கம் வந்தால் நிறுத்துவான். ஒருவர் நல்ல குருவா இல்லையா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான். கியரும் ரிவர்ஸும் எப்படியும் வந்துவிடும்.

புதுத் தம்பிகளுக்கு ஒன்று மட்டும். பக்கத்தில் இருப்பவர் சத்தம் போட்டால் எல்லாமே அவமானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லோடு வண்டி போகிற வேகத்தில் "ஐயா, தயவுசெய்து" என்று சொல்ல நேரமிருக்காது. வண்டியை ஓரங்கட்டியதும் "அண்ணா, அப்ப எதுக்குச் சத்தம் போட்டீங்க?" என்று கேளுங்கள். காரணம் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள். கை நீட்டுகிறவரிடம் இருக்க வேண்டாம், இறங்கி வந்துவிடுங்கள். இதை உரிமையாளர்கள் முன்னால் வைத்தே சொல்கிறேன்.

உரிமையாளர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. லைசென்ஸ் எடுத்து வருகிற புது ஆளை, முதல் சில மாதம் அனுபவமுள்ள டிரைவரோடு லோடு வண்டியில் அனுப்புங்கள். புதியவருக்குப் பேட்டா கொடுங்கள், எடுபிடியாக வைக்காதீர்கள். பழக்குகிறவருக்குத் தனியாக ஒரு பேட்டா கொடுங்கள். பழக்குகிற டிரிப்புகளில் மைலேஜ் கணக்குப் பார்க்காதீர்கள். தனியாக அனுப்பலாம் என்று சொல்ல வேண்டியவர் அந்த டிரைவர்தான். லோடு நிற்கிறதே என்று ஆபீஸிலிருந்து நாம் முடிவு செய்யக் கூடாது. சின்ன உரிமையாளர், ஒரே வண்டி வைத்திருப்பவர், இதற்கெல்லாம் எங்கே போவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பேட்டாவைச் சங்கத்திலிருந்து பொதுவாகக் கொடுக்கலாம் என்று சொல்கிறேன். பழகி முடித்த பையன் யார் வண்டிக்குப் போனாலும் நம் வட்டாரத்துக்குத்தானே டிரைவர்?

தொகை எவ்வளவு, யார் யார் பழக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதை இன்றைக்கே பேசி, பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நோட்டும் பேனாவும் இங்கே இருக்கிறது. முன் வரிசையில் இருக்கிற மூத்த டிரைவர்கள் இரண்டு பேர் முதலில் பேசட்டும். மைக்கை அவர்களிடம் கொடுக்கிறேன்.