தேதி வருமுன்னே வரும் வலி

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழா நெருங்கினால் போதும், என்னிடம் வரும் பெண்கள் பலர் இப்படிக் கேட்பார்கள்: "டாக்டரம்மா, அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குத்தான் எனக்குத் தேதி. வீடு நெறையச் சொந்தக்காரங்க இருப்பாங்க. எப்படித் தாங்கப்போறேன்னு தெரியல." மாதவிலக்குத் தேதிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். அடிவயிறோ அன்றைக்கே இறுகத் தொடங்கியிருக்கும்.

இவர்களுக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும், சிலருக்குக் குடல், சிறுநீர்ப்பை மேலும் வளர்ந்துவிடுகிறது. அதனால் அங்கெல்லாம் அழற்சி. நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சாக்லேட் சிஸ்ட்' என்று பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்த நோயின் ஒரு வடிவம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

மனக்கவலையால் இந்த நோய் வருவதாகச் சொல்ல முடியாது. "எல்லாம் உன் மனசுதான்", "ஒரு பிள்ளையப் பெத்துட்டா சரியாப்போகும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணை வருடக்கணக்கில் துடிக்க விடுகிறோம். எனக்கு இதில் ஆற்றமாட்டாத கோபம் உண்டு. நோய் உடம்பில் இருக்கிறது. அந்த வலியை ஏற்றி விடுவதில்தான் பதற்றத்துக்குப் பங்கு.

பயந்தால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். இடுப்புக்குழியின் அடியில் உள்ள தசைகளும் சேர்ந்து இறுகும். அந்த இறுக்கமே தனியாக ஒரு வலி. ராத்திரித் தூக்கம் போகும். தூங்காத உடம்புக்கு மறுநாள் தாங்கும் சக்தி குறையும். பல வருடம் வலியோடு இருந்த நரம்புகளோ, முளைப்பாரித் திருவிழாவில் சத்தத்தைக் கூட்டிவைத்த குழாய் ரேடியோ மாதிரி, சின்ன வலியையும் பெரிதாக்கிக் காட்டும். அடுத்த மாதம் அதை நினைத்தே பயம் வரும்.

இந்தச் சுற்றை அறுக்க நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக மெதுவாக இழுங்கள். கை மேலே எழும்ப வேண்டும். விடும்போது இழுத்ததைவிட நிதானமாக, நீளமாக விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தாடையைத் தளர்த்துங்கள். ஒன்றுக்குப் போகும்போது அடியில் எப்படி விட்டுக்கொடுக்கிறோமோ, அப்படியே அந்தத் தசையையும் தளர விடுங்கள். வலி வந்தபிறகு பழக முடியாது. வலி இல்லாத நாளில், படுக்கப்போகும்போது பத்து நிமிடம் பழகினால்தான் தேதியன்று உடம்பு சொன்னபடி கேட்கும்.

வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். முடிந்த நாளில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மெதுவாக ஒரு நடை போகலாம். மருத்துவர் எழுதித்தந்த வலி மாத்திரையை, பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டு உச்சத்தில் போடாதீர்கள். வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். திருவிழாவுக்காகத் தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம்.

இந்த வலியில் பாதிப் பதற்றம் அடுப்படியில் இருக்கிறது என்பேன். வந்தவர்களுக்கு யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்ற கவலை. அத்தையிடமோ மதினியிடமோ முன்கூட்டியே, "எனக்கு அன்னைக்கு முடியாது, நீங்க பாத்துக்கங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களே, அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்குக் கரண்டியை நீங்கள் எடுங்கள்.

மூச்சுப் பயிற்சி வலியைத் தணிக்கும். வளர்ந்த திசுவைக் கரைக்காது. அதன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த ஹார்மோன் மாத்திரை உண்டு, தேவைப்பட்டால் அதை அகற்ற, சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை உண்டு. வலி வந்த நாள், எவ்வளவு கடுமை, அன்று தூங்கினீர்களா, மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வலித்ததா என்று காலண்டரில் குறித்து, கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம்ம பெரியாஸ்பத்திரியிலேயே மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. திடீரென்று தாங்கமுடியாத வலி, மயக்கம், காய்ச்சல், அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு என்றால் மட்டும் மூச்சும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.