வைபியிடம் என்ன கேட்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் வைபி என்று நாம் கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினர் எப்படி வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்சி கிடையாது. ஆனால் தேர்தல் வந்துவிட்டால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. எந்தக் கட்சி செராமா என்கிற பிரசாரக் கூட்டம் போட்டாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். "ஓட்டு கேக்கிறவனே வீட்டுக்குப் போயிட்டான், நீங்க இன்னும் வரலையா" என்று என் மனைவி கேட்பாள்.

சரி. ஒரு வைபியின் சேவை மையத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். கால்வாய் அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை லோரி வரவில்லை, மகனுக்கு இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுதான். எல்லாம் நியாயமான குறை. ஆனால் அடையாளக் கார்டு மத்திய கூட்டரசின் வேலை. கால்வாயும் குப்பையும் நகராண்மைக் கழகத்தின் வேலை. அப்புறம் ஏன் வைபியிடம் போகிறோம்? நகராண்மைக் கழக உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லையே! ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தோம். இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976-இல் வந்த சட்டம் அதற்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்தது. இன்றைக்கு அந்த உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதனால் ஓட்டுப் போட்டு வந்த ஆள் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர்தான். சாக்கடையும் அவர் தலையில், சாவு வீடும் அவர் தலையில்.

இதிலேயே அவருடைய ஐந்து வருடமும் போய்விடுகிறது. சட்டமன்றத்தின் கையில் உண்மையாகவே இருப்பது என்ன? நிலம். நம் அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. இதை நான் இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு கதை. எனக்குப் பிடித்த கதை. எங்கள் கெடாவின் புக்கிட் செலாம்பாவ் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல்.

2008 பொதுத்தேர்தலில் அங்கே வி. ஆறுமுகம் என்பவர் சுயேச்சையாக நின்று வென்றார். சுயேச்சை வெல்வது இந்த நாட்டில் அபூர்வம். வென்றவர் கெஅடிலான் கட்சியில் சேர்ந்தார், மாநில ஆட்சிக்குழு உறுப்பினரும் ஆனார். மறு வருடம் பிப்ரவரியில் பதவி விலகினார். இடைத்தேர்தல் 2009 ஏப்ரல் 7. வேட்புமனு நாளன்று பார்த்தால் 15 பேர் நிற்கிறார்கள்! இரண்டு கட்சிக்காரர்கள், 13 சுயேச்சைகள். அதில் பலர் நம்மவர்கள். சட்டமன்றத் தொகுதியில் நிற்க 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்ட வேண்டும். பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது போச்சு. தெரிந்துதான் கட்டினார்கள்.

அந்தப் பிரசார நாட்களில் எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காது. கோலாலம்பூர்க் காரெல்லாம் செம்மண் ரோட்டில் சேறு பூசிக்கொண்டு நிற்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, கடையில் என்னைப் பார்த்ததும் கைப்பையிலிருந்து ஒரு கட்டு காகிதத்தை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் வேட்பாளர் படம். மடித்து மடித்து வைத்ததில் சிலருடைய முகத்தின் நடுவே கோடு விழுந்திருந்தது. "வாத்தியாரே, இதுல நம்ம பையன் யாரு?" "எல்லாரும் நம்ம பையன்தான் பாட்டி." "அப்ப யாரு ஜெயிப்பான்?" நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டியே ஒவ்வொரு காகிதமாக எடுத்து, "இவன் கோயில் திருவிழாவுக்கு வந்தான். இவன் வரல. இவன் அப்பாவை எனக்குத் தெரியும், மண்டோரா இருந்தவரு, ஆளு சரியில்ல" என்று பிரித்து வைத்தார். கடைசியில் மிஞ்சியவை கட்சிக்காரர்கள் இருவருடைய காகிதங்கள். அவற்றைத் தனியாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது.

வென்றவர் கெஅடிலான் வேட்பாளர் எஸ். மணிகுமார். சுயேச்சைகள் அத்தனை பேருக்கும் வைப்புத்தொகை போயிற்று. ஊரே பாட்டி மாதிரித்தான் பிரித்திருக்கிறது.

கெடாவின் இன்னொரு தொகுதியான லூனாஸையும் சொல்ல வேண்டும். 2000 நவம்பரில் அதன் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதம் 29-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் எதிரணி 530 ஓட்டில் வென்றது. ஒரு பெரிய தோட்டத்து ஓட்டு அவ்வளவு இருக்கும். அந்த 530-ஆல் கெடா சட்டமன்றத்தில் அப்போது ஆட்சியில் இருந்த தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கலைந்தது. 2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தலில் அலை வேறு பக்கம் அடித்தது. கெடாவின் 36 இடத்தில் 33 பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்குப் போயிற்று, இந்த இரண்டு தொகுதிகளும் அதில் சேர்த்தி.

ஓட்டு நாளில் தோட்டப் பக்கம் போயிருக்கிறீர்களா? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்து வருடங்கள் ஆகியிருக்கும். அங்கே செம்பனை நிற்கும். ஆனால் வாக்காளர் பட்டியலில் சிலருடைய முகவரி இன்னும் அந்தத் தோட்டம்தான். பினாங்குத் தொழிற்சாலையிலிருந்து, ஜொகூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வருவார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வரிசை நிற்கும். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, "இங்கதான் எங்க வீட்டு முருங்கை மரம் இருந்துச்சு" என்று பிள்ளைக்குக் காட்டுவார்கள். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வீடு போனது எப்படி? தோட்டத்தை விற்றார்கள், அடுக்குமாடியோ தொழிற்பேட்டையோ வந்தது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்க, தேசிய நிலச் சட்டப்படி தோட்ட நில வாரியம் அனுமதிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் தொழிலாளிக்கு வீடு உண்டா, கோயிலுக்கும் பள்ளிக்கும் மனை உண்டா என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. ஒப்புதல் கொடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை. மண்வாரி இயந்திரம் வந்த பிறகு வைபி வந்து அதன் முன்னால் நிற்பார், பத்திரிகையில் படம் வரும். பாவம், அவரும் வேறு என்ன செய்வார்? தமிழ்ப்பள்ளி கூட்டரசின் கையில் இருக்கலாம், பள்ளி நிற்கிற மண் மாநிலத்தின் கையில். திரும்பவும் சொல்லிவிட்டேன், நிலம்.

ஆக, வைபியைப் பார்க்கப் போகும்போது சாக்கடையையும் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. கூடவே, "எங்கள் தோட்டத்து நிலத்துக்கு ஏதாவது விண்ணப்பம் வந்திருக்கிறதா, சட்டமன்றத்தில் கேளுங்கள்" என்று எழுதியே கொடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். கேள்வியை எப்படி எழுதுவது என்பதை விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, நிலப் பட்டா எண் வேண்டும். எண் தெரிந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் 'சாரியான்' எடுக்கலாம், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அதில் தெரியும். வைபி வாய்மொழியாகவும் கேட்கலாம், எழுத்து மூலமாகவும் கேட்கலாம். எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள், பதிலும் கையில் எழுத்தாக வரும். கூட்டம் நடக்கும் நாள் வருடத்தில் கொஞ்சம்தான், முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் 18 வயது ஆன பிள்ளைகளுக்கு இப்போது வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. அடையாளக் கார்டில் என்ன முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதிதான், அதை மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.