வேருக்குத்தான் முதலில் தெரியும்

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைந்ததும் நம் வீட்டுத் தோட்டங்களில் ஒன்று நடக்கும். மத்தியானம் வெண்டை இலை தொங்கும். மனசு கேட்காது, உடனே குழாயைத் திறப்போம். ஒரே ஒரு நாள் பொறுத்து, மாலையில் போய்ப் பாருங்கள். இலை தானாக நிமிர்ந்திருந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது. உச்சி வெயிலில் இலை தண்ணீரை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடிகாலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். சேறாக இருந்தால், காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. மேலும் ஊற்றினால் செடி செத்துப்போகும்.

செடி உறிஞ்சும் தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் இலைத்துளை வழியாக ஆவியாகிவிடும். கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். துளையை மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் உணவு தயாராகாது. மூடச் சொல்வது யார்? ஒரு செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டிகளில் நட்டு, ஒன்றை மட்டும் காயவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறு தொட்டியில் ஈரம் இருந்ததால் இலை வாடவே இல்லை. ஆனாலும் துளைகள் ஓரளவு மூடிக்கொண்டன! காய்ந்த வேர் அப்சிசிக் அமிலம் போன்ற ரசாயனச் செய்தியை மேலே அனுப்புகிறது. நம் கண்ணுக்கு வாட்டம் தெரியும் முன்பே வளர்ச்சி குறைந்துவிடுகிறது.

மண்ணும் தண்ணீரைச் சும்மா விட்டுக்கொடுக்காது. காயக் காய இறுக்கிப் பிடிக்கும். பெரும்பாலான பயிர்கள் மீளமுடியாமல் வாடும் கட்டத்தில் அந்தப் பிடி ஏறக்குறைய 15 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2-ஐ ஒட்டித்தான் இருக்கும். களிமண் தொட்டால் ஈரமாக இருந்தும் செடி வாடுவது இதனால்தான். கடலோர மணலில் கதை வேறு. பிடி லேசு, ஆனால் இருப்பே கொஞ்சம். அதனால் அங்கே கொஞ்சமாக, அடிக்கடி ஊற்ற வேண்டும்.

சரி, எப்போது ஊற்றுவது? செடிக்கு எட்டும் ஈரத்தில் பாதி தீரும் வரை பல பயிர்கள் தாங்கும். கீரை அவ்வளவு தாங்காது, கால் பங்கு தீர்ந்ததுமே கொடுத்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். என் அம்மா தோட்டத்து வீட்டில் கறிவேப்பிலைக்கு அப்படித்தான் பார்ப்பார்.

எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையைக் கவனித்திருப்பீர்கள். வறட்சியில் ஓலை பச்சையாகவே நிற்கும், ஆனால் உச்சியில் குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல மூன்று நான்கு சேர்ந்து நிற்கும். அதே நேரத்தில் உள்ளே உருவாகும் பூக்களில் ஆண் பூ கூடிவிடும். பெண் பூதானே குலையாகும்? அந்தக் குறைவு குலை ஏற்றும் லாரியில் தெரிய ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் வறட்சியை மறந்துவிட்டு, எல்லாரும் உரத்தைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.